வாசலில் தீட்டிய கத்தி

ஜிங்டெஜென்
1980 மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

யாச்சின் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் ஊர் வெள்ளை மண்கட்டியைப் பட்டறைக்கு வண்டியில் இழுத்துவரும் லுவோ மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் நீங்கள் வாங்காமல் திருப்பிவிடுவீர்களோ என்று பயம். லுவோ மாமா என்றால் கையில் திணித்துவிட்டுத்தான் நகர்வார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். புத்தாண்டு கழிந்ததும் பீங்கான் பட்டறையில் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தேன். அம்மாவால் இனி அங்கே போக முடியாது. இத்தனை வருடம் பீங்கான் சீவிய தூசி நெஞ்சில் உறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறாள்.

அம்மா வேலையை விடுவதாகக் கேள்விப்பட்டு நீங்கள் துணிமூட்டையோடு மலையிலிருந்து இறங்கி வந்தீர்கள். வேலையை விடுகிறவர் தன் பிள்ளைகளில் ஒருவரை அந்த இடத்தில் உட்கார்த்தலாம் என்ற விதி உங்களுக்கும் தெரிந்திருந்தது. அம்மா, "சின்னவ பேரக் குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் சோற்றைத் தொடாமல் திரும்பிப் போனீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

வேலை கடினம்தான், ஆனால் பிடித்திருக்கிறது. வனைந்து காய்ந்த கிண்ணம் என்னிடம் வரும்போது தடியாக, அசிங்கமாக இருக்கும். அதைச் சக்கரத்தில் கவிழ்த்துச் சுற்றவிட்டுக் கத்தியை வைத்தால் வெள்ளை வெள்ளையாகச் சுருள் பறக்கும். பாதிக்குப் பாதி சீவித் தள்ள வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விரலால் தட்டிக் கேட்க வேண்டும். ஒரு சீவல் கூடினால் கத்தி மறுபக்கம் வந்துவிடும். முதல் மாதம் நான் ஓட்டை போட்ட கிண்ணங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். கத்தியும் சீக்கிரம் மழுங்குகிறது. அரத்தால் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்து இடத்தில் ஃபாங் சித்தி. அம்மாவோடு பல வருடம் உட்கார்ந்தவள். நல்லவள், சத்தமாகப் பேசுவாள். வாசலை ஒட்டிய நீள மேசையில் நீல ஓவியம் வரைகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உள்ளே வந்த முதல் நாளே தெங் என்பவர், "புதுக் கிண்ணம் ஒண்ணு வந்திருக்கு, தட்டிப் பாருங்கப்பா, சத்தம் வருதான்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து எனக்குக் கிண்ணம் என்றே பெயர். மத்தியானம் ஃபாங் சித்தி சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவாள்; அவர்கள் வாசலில் சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடும்போது நான் என் மூலையிலேயே சாப்பிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டு இருந்துவிடுவேன். அவர்களைத் தாண்டிப் போக வேண்டாம் பாருங்கள்.

இலையுதிர் காலம் வரைக்கும் எனக்குச் சோதனைக் காலம். அதற்குப் பிறகுதான் இடம் என்னுடையது. அது உங்களுக்கு வரவேண்டிய இடம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நன்றி.

யாச்சின்


சிங்ஷி ஓடை
மார்ச் 20

யாச்சின்,

லுவோ என் கையில் திணிக்கவில்லை. உன் அத்தானிடம் கொடுத்து, "உம் பொண்டாட்டி எரிச்சான்னா சாம்பலையாவது எடுத்து வை, நான் பதில் கொண்டுபோகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் எரிக்கவில்லை.

எப்போதிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? உனக்கு மூக்கைத் துடைத்துவிட்டவள் நான்.

நன்றி சொல்லாதே. கொடுத்தவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நான் எதையும் கொடுக்கவில்லை. மலையில் கல்யாணம் கட்டிக்கொண்டவளுக்கு அந்த இடம் கிடையாது என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். அம்மா கேட்டுப் பார்த்தாளா, கேட்காமலே விட்டாளா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

உனக்கு நினைவிருக்காது, சின்னப் பிள்ளை. பதினேழு வயதில் என்னையும் வகுப்பில் இருந்த மற்றவர்களையும் மேளம் தட்டி லாரியில் ஏற்றினார்கள், மலைக்குப் போய் விவசாயம் கற்றுக்கொள்ளச் சொல்லி. எல்லோருடைய அம்மாவும் லாரியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நம் அம்மா வரவில்லை. பட்டறையில் வேலை இருக்கிறது என்றாள். லாரி அந்தப் பட்டறை வாசலைத் தாண்டித்தான் போனது. நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. பிறகு இங்கேயே கல்யாணம், இங்கேயே ஓடை, கல், சேறு. இதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் அத்தான் நல்ல மனிதர். ஆனால் அன்று வராதவள் இன்று என் பெயரையும் கொடுக்கவில்லை என்றால், நான் என்ன நினைத்துக்கொள்ள வேண்டும்?

உன்மேல் கோபம் இல்லை. கோபம் இல்லை என்று எழுதுவதற்கே இரண்டு நாள் ஆனது, அதையும் தெரிந்துகொள்.

இத்துடன் மூங்கில் குருத்து அனுப்புகிறேன். நான் கொடுத்ததாக அம்மாவிடம் சொல்லாதே. சந்தையில் வாங்கியதாகச் சொல்.

யாலான்


ஜிங்டெஜென்
மே 18

அக்கா,

மூங்கில் குருத்துக்கு நன்றி. காய்ந்த மிளகாய் போட்டு வதக்கிக் கொடுத்தேன். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "இது சந்தைக் குருத்து இல்ல" என்றாள். கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.

இதற்கு மேல் எழுதப்போவதைப் படித்தால் நீ என்னை மன்னிக்க மாட்டாய்.

போன வாரம் சூளை திறந்தார்கள். எங்கள் கிண்ணங்களை எடுத்துத் துடைத்தபோது வெள்ளையில் கரும்புள்ளிகள். ஈ உட்கார்ந்துவிட்டுப் போனது போல. விரலால் தேய்த்தேன், போகவில்லை. மேலே பூசிய கண்ணாடி மெருகுக்கு அடியிலிருந்து எரிந்து மேலே வந்த புள்ளி எப்படிப் போகும்? அதற்கு முந்தைய சூளையிலும் கொஞ்சம் இருந்தது. இந்த முறை என் பலகையில் பாதி போய்விட்டது. ஃபாங் சித்தியின் பலகையிலும் கணிசமாகப் போனது. அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு புள்ளி வந்ததுண்டா? சொல்லுங்க, வந்ததுண்டா?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள்.

குவோ மேஸ்திரி, "எந்த மண்ணு இது?" என்றார். ஊறல் தொட்டியில் கிடந்தவை சிங்ஷி ஓடை முத்திரை குத்திய கட்டிகள். நீங்கள் மலையில் கல்லை இடித்துப் பிடித்து அனுப்பும் கட்டிகள். அவற்றை ஊறப்போட்டது நான்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஊறப் போடறப்ப கட்டியில அழுக்கு இருந்துதா?"

பட்டறை மொத்தமும் என்னைப் பார்த்தது. ஓவியர்கள் தூரிகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா, கட்டியில் நான் எதையும் பார்க்கவில்லை. வெள்ளையாக, சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் வேறு எங்காவது பார்த்தால் போதும் என்று இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். சிங்ஷி ஓடைக் கட்டி இனி வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாள் லுவோ மாமா இழுத்து வந்த வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நான் உள்ளே சக்கரத்தில் குனிந்துகொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இருமல் அதிகமாகும்.

யாச்சின்


சிங்ஷி ஓடை
மே 24

யாச்சின்,

உன் தலை ஆடியதை இங்கே ஊரே பேசுகிறது. தண்ணீர்த் துறைக்குப் போனால், "உந் தங்கச்சி தலை நல்லா ஆடுதாமே, கழுத்துல எண்ணெய் போட்டு விட்டியா?" என்கிறார்கள். எண்ணெய் போடவில்லை, போட்டிருந்தால் வாயில் போட்டிருப்பேன் என்று சொன்னேன்.

நீ சீவுகிற வெள்ளைச் சுருள் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியுமா? மலையில் கல்லை வெட்டி, கையால் முட்டை அளவுக்கு உடைத்து, ஓடைச் சக்கரம் தூக்கிப் போடுகிற உலக்கைகளுக்கு அடியில் கொட்டுகிறோம். ராத்திரி பகல் இடித்தால்தான் மாவாகும். அந்தச் சத்தம் நின்றால் எங்களுக்குத் தூக்கம் கலைந்துவிடும். மாவைக் குழியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்குவோம். கரடு அடியில் தங்கும். பால் போல மேலே நிற்பதை மட்டும் மொண்டு, குதிரைமுடிச் சல்லடையில் வடிகட்டி அடுத்த குழியில் விடுவோம். அதிலும் மேலே நிற்பதைத்தான் எடுப்போம். முழங்கால் வரை பனித்தண்ணீரில் நின்று மொள்ளுகிறவள் நான். சேறு தெளிந்து இறுகியதும் கட்டியாகப் பிடித்து முத்திரை குத்திக் காயவைக்கிறோம். நகரத்தில் அதோடு காவ்லிங் மண்ணைக் கலக்கிறீர்கள். எங்கள் கல் நெருப்பில் உருகிச் சதையாகும், அந்த மண் உருகாமல் நின்று எலும்பாகும். சதையில் அழுக்கு என்று தலையாட்டிவிட்டாய்.

கொட்டகையில் கட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன. உங்கள் பட்டறை வேண்டாம் என்றதும் மற்ற பட்டறைகளும் யோசிக்கிறார்கள். ஜூலை பாதியில் ஓடை வற்றும். அதற்குள் கொட்டகை காலியானால்தான் மறுபடி இடிக்க முடியும். இல்லாவிட்டால் இந்த வருடம் எங்கள் குழுவில் யாருக்கும் நெல் பங்கு சரியாக வராது. மற்றவர்கள் உன் அத்தானைப் பார்க்கிற பார்வையை நான் பார்க்கிறேன்.

நான் பட்டறையில் வளர்ந்தவள். ஒன்று கேட்கிறேன், தலையை ஆட்டாமல் எழுதிப் பதில் சொல். புள்ளி கிண்ணத்தின் உள்பக்கமா, வெளிப்பக்கமா? அடி வளையத்தில் உண்டா? மண்ணில் அழுக்கு இருந்தால் எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும். மற்றவர்களின் பலகையில் உண்டா?

யாலான்


ஜிங்டெஜென்
ஜூன் 2

அக்கா,

திட்டியதற்கு நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன். இனிமேல் கடிதமே வராது என்று நினைத்திருந்தேன். லுவோ மாமா வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து, "இந்தா, உங்க அக்கா அனுப்பின நெருப்பு. கை சுடும், பாத்துப் பிடி" என்று கொடுத்தார். சுட்டதுதான். ஆனால் விட்டுவிட்டவர்கள் திட்ட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்காகச் சூளைக்குப் பின்னால் கழித்துப்போட்ட குவியலில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். புள்ளி எல்லாமே உள்பக்கம். கிண்ணத்தின் குழிவிலும் விளிம்பிலும்தான். வெளிப்பக்கம் அநேகமாக இல்லை. அடி வளையத்தில் இல்லவே இல்லை. அந்தக் கோடியில் உட்காருகிறவர்களின் கிண்ணங்களிலும் இல்லை. அவர்களும் அதே தொட்டி மண்ணைத்தான் எடுத்தார்கள். என் பலகையிலும், எனக்கு வலப்பக்கம் இருக்கும் ஃபாங் சித்தியின் பலகையிலும் மட்டும்தான். மேலேயிருந்து தூவியது போல இருக்கிறது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீவிய கிண்ணத்தை நிமிர்த்திப் பலகையில் வைக்கிறோம். மறுநாள் காலை ஈரத் தூரிகையால் தடவுகிறோம். நீலம் வரைகிறார்கள். மூங்கில் குழாயில் மெல்லிய துணி கட்டி மெருகை ஊதி அடிக்கிறார்கள். எல்லோருக்கும் இதே வேலைதான். எனக்கு மட்டும் ஏன்?

மண்ணில் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதைப் போய்ச் சொல்ல இரண்டு முறை எழுந்தேன். மேஸ்திரி "அப்ப வேற எதுல இருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று மறுபடி உட்கார்ந்துவிட்டேன். நீயே சொல், அக்கா.

யாச்சின்


சிங்ஷி ஓடை
ஜூன் 6

யாச்சின்,

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதிலேயே எழுதியிருக்கிறாய். மத்தியானம் மூலையில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டுகிறாய்.

அம்மா என்னை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறாள். எனக்கு ஆறு வயது இருக்கும். பட்டறையில் அவள் காலடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். அவள் அரத்தை எடுத்து அவள் கத்தியில் ஒரு இழுப்பு இழுத்தேன். பளார் என்று விழுந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், "இங்க! இங்க வச்சுத்தான் தீட்டணும்! உள்ள தீட்டினா பொடி பறந்து கிண்ணத்துல விழும். இப்பக் கண்ணுக்குத் தெரியாது. நெருப்புக்குத் தெரியும்" என்றாள்.

அரப்பொடி, யாச்சின். இரும்புப் பொடி. மெல்லிய பொடி என்பதால் காய்ந்த மண்ணில் பார்க்க முடியாது. ஈரத் தூரிகை தடவியதும் ஒட்டிக்கொள்ளும். சூளையில் உருகிக் கறுப்பாகிவிடும். அங்கே எல்லோரும் வாசலில்தான் தீட்டுவார்கள். இது சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. நான் அடி வாங்கித் தெரிந்துகொண்டேன். நீ அடி வாங்கவில்லை.

இனி நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. உன் அரப்பொடிதான் என்று நீ அங்கே சொன்னால் சோதனைக் காலத்தில் உன்னை வைத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ. அந்த இடம் எனக்கு வர வேண்டியது என்று வயிறு எரிந்தவள் நான். அது உன்னிடமிருந்து போகட்டும் என்று எழுத இப்போது கை வரவில்லை. அங்கே அம்மாவின் மருந்து, இங்கே எங்கள் கொட்டகை. இரண்டையும் உன் தலையில் வைக்க எனக்கு மனசில்லை. வைக்காமல் இருக்கவும் வழி தெரியவில்லை.

யாலான்


ஜிங்டெஜென்
ஜூன் 25

அக்கா,

இதை வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த வாசல் என்று பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் மத்தியானம் கத்தியையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். சீட்டாடுகிறவர்களைத் தாண்டிப் போக வேண்டும். என் காலடிச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. தெங் பார்த்துவிட்டு, "அட, கிண்ணம் நடக்குதுடா!" என்றார். இன்னொருவர், "கையில கத்தி வேற. சீட்ட மடக்கு, சீட்ட மடக்கு" என்றார். வெளியே போய் நின்று தீட்டினேன். பொடி காற்றில் பறந்து சாக்கடையில் விழுந்தது. அப்போதுதான் அது எவ்வளவு பொடி என்று பார்த்தேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்ப வேண்டுமே. அதனால் மூலையில் ஒதுக்கிவைத்திருந்த உங்கள் கட்டியில் ஒன்றை எடுத்து ஊறவைத்தேன். வனைகிறவர் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரே கட்டியில் வனைந்த கிண்ணங்களில் பாதியை வாசலில் தீட்டிய கத்தியால் சீவித் தனியாக வைத்தேன். மீதியைச் சீவும்போது வேண்டுமென்றே என் மூலையில் வைத்துத் தீட்டினேன், ஃபாங் சித்தியின் பலகையைத் துணியால் மூடிவிட்டு. அடியில் நகத்தால் வேறு வேறு குறி வைத்தேன். எல்லாமே ஒரே சூளைக்கு, ஒரே அடுக்கில் போயின.

சூளை எரிந்த நாள்களில் தினமும் போய்ச் சூளைவாயைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாவற்றிலும் புள்ளி வந்தால் மண்தான் குற்றவாளி, உங்கள் பிழைப்பு போய்விடும். உள்ளே தீட்டியதில் மட்டும் வந்தால் என் வேலை போய்விடும். எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூடத் தெரியவில்லை.

திறந்த அன்று காலை கிண்ணங்கள் பலகையில் வந்து இறங்கின. மேஸ்திரி ஒன்றை எடுத்தார். புள்ளி. "அந்த ஓடை மண்ண மறுபடியும் தொட்டது யாரு?" என்று கத்தினார்.

"நான்தான்" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. சத்தம் வெளியே வரவே இல்லை போல. மறுபடி சொன்னேன். இந்த முறை அதிகமாக வந்துவிட்டது. தெருவில் நூடுல்ஸ் விற்கிறவர் எட்டிப் பார்த்தார்.

"நான்தான் தொட்டேன்! மண்ணு நல்ல மண்ணு. இதெல்லாம் வாசல்ல தீட்டிச் சீவினது. பாருங்க, ஒரு புள்ளி இல்ல. இதெல்லாம் உள்ள தீட்டிச் சீவினது. ரெண்டும் ஒரே கட்டி. அடியில குறி இருக்கு, திருப்பிப் பாருங்க. அழுக்கு எங்கத்தியில இருந்து வந்துது. நான் உள்ளயே தீட்டினேன். எனக்குத் தெரியாது."

மேஸ்திரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு ஏன் தலையாட்டின?"

"எல்லாரும் என்னையே பாத்தீங்க."

தெங் மெதுவாக, "தட்டினா சத்தம் வருது. நல்ல கிண்ணம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்போது ஃபாங் சித்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். முதலில் என்னைத் திட்டித் தீர்த்தாள். எம் பேரக் கெடுத்தியே, எங் கிண்ணத்தக் கெடுத்தியே என்று. பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"இவள அனுப்பிச்சா எம் பக்கத்துல வேற ஒருத்தி வந்து உக்காருவா. அவ எங்க தீட்டுவாளோ, யாருக்குத் தெரியும்? இவ இனி செத்தாலும் உள்ள தீட்ட மாட்டா. எனக்கு இவளே போதும்."

மேஸ்திரி ஒத்துக்கொண்டார். சோதனைக் காலம் அடுத்த வசந்தம் வரைக்கும் நீள்கிறது. அதோடு ஒரு மாதம் எல்லோருடைய பலகைகளையும் நான்தான் கழுவ வேண்டும். கழுவிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு தண்டனைக்கு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியாது. அன்று மத்தியானமே, கொட்டகையில் இருக்கும் கட்டி எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி லுவோ மாமாவிடம் ஆள் அனுப்பிவிட்டார். இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அரத்தக் கையில குடுத்தேன், வாசலக் காட்டாம விட்டுட்டேனே" என்றாள். பிறகு, "பெரியவதான் கண்டுபிடிச்சாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவளுக்கு நினைவிருக்கா" என்று தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உன்னை அடித்த கையாக இருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நேற்று வாசலில் தீட்டிக்கொண்டிருந்தபோது ஃபாங் சித்தியும் அரத்தோடு வந்து நின்றாள். "உங்கம்மா நின்ன இடத்துலயே நிக்கிற" என்றாள். அம்மாவும் இங்கேதான் தீட்டுவாளா என்று கேட்டேன்.

"தீட்டுவாளாவா? ஓயாம இங்கதான் நிப்பா. உங்கக்காவ லாரியில ஏத்தினாங்களே, அன்னிக்குக் காலையில இருந்தே கத்தியும் அரமுமா இங்க நின்னா. அழுதா எல்லாரும் பாப்பாங்கன்னு கூட்டத்துக்குப் போகல அவ. லாரி போனப்புறமும் தீட்டிக்கிட்டே நின்னா. அதுக்கப்புறம் தெனமும் அதே கதைதான். எங் கத்தி ஒரு வருஷம் வரும். அவளுக்கு மூணு மாசத்துல தேஞ்சுபோகும். பழைய மேஸ்திரி கேட்டாரு, 'கிண்ணத்தச் சீவுறியா, கத்தியவே சீவுறியா?'ன்னு. மழுங்கினாத்தானம்மா தீட்டணும்? அவ கத்தி மழுங்கவே நேரமில்ல."

நான் நிமிர்ந்து பார்த்தேன், அக்கா. இங்கே நின்றால் தெரு முடிந்து, பாலம் தாண்டி, மலைப்பாதை தெரிகிறது. மேலே வளைவு வரைக்கும் தெரிகிறது. லுவோ மாமாவின் வண்டி இறங்கி வந்தால் முதலில் இங்கே நிற்கிறவருக்குத்தான் கண்ணில் படும்.

அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டாள். நானும் அவளும் ஒரே மாதிரி.

அம்மாவின் கடைசிக் கத்தி என்னிடம்தான் இருந்தது. தேய்ந்துபோய்விட்டது, சீவ உதவாது. எடுத்து எறிய மனமில்லாமல் பெட்டியில் வைத்திருந்தேன். அதை உனக்கு அனுப்புகிறேன். கூடவே வாசலில் தீட்டிச் சீவிய கிண்ணம் ஒன்று. உன் மண், அதனால் நீ தட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இடம் கிடைத்ததற்கு அன்று நன்றி சொன்னேன். நீ கோபப்பட்டாய், சரிதான். இந்த முறை நீ கொடுத்ததற்குத்தான் நன்றி.

உன் யாச்சின்


சிங்ஷி ஓடை
ஜூன் 29

யாச்சின்,

கொட்டகை காலியாகிக்கொண்டிருக்கிறது. உலக்கைகள் நேற்றிலிருந்து மறுபடி இடிக்கின்றன. தண்ணீர்த் துறையில் இப்போது, "உந் தங்கச்சி போட்ட சத்தம் சூளை வரைக்கும் கேட்டுதாமே" என்கிறார்கள். லுவோ ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு வீட்டில் நீ மேஸ்திரியின் சட்டையைப் பிடித்துவிட்டாய். நான் மறுக்கவில்லை.

கிண்ணத்தைத் தட்டினேன். அத்தானும் தட்டினார். நம் சேற்றிலிருந்து இப்படி ஒரு சத்தம் வருமா என்று கேட்டார். வருடக்கணக்காகக் கட்டி பிடிக்கிற மனிதர், அது கிண்ணமாகி இதுவரை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததே இல்லை. அவர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். நானும் சொல்கிறேன்.

கத்தியைப் பிரித்தபோது முதலில் மீன் முள் என்று நினைத்தேன். அவ்வளவு மெலிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் நான் ஒரு பக்கம் தலையைத் திருப்பாமலே இருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை கட்டி வண்டியோடு நானும் இறங்கி வருகிறேன். வளைவுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிடும். அம்மாவால் முடியும் என்றால் மெதுவாக நடத்திக் கூட்டிவந்து அந்த வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார வை. எதற்கு என்று சொல்லாதே.

கேட்டால், புதுக் கத்திக்கு முனை சரியாக வரவில்லை, தீட்டிக் கொடு என்று சொல். அரத்தை அவள் கையில் கொடுத்துவிடு. கையில் அரம் இருந்தால் அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கே இருப்பாள்.

அக்கா